6.5 கிரீட்மூர்: பிரைமர் ஒப்பீட்டுக்கு ஐந்து தோட்டாக்கள் போதுமா?

கேள்வி:
ஓகையோ மாநிலத்தில் 600 கெஜ இலக்குப் போட்டிகளுக்காக 6.5 கிரீட்மூர் என்னும் ரைஃபிள் தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்கிறேன். பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) அமரும் குழி சிறியதாக உள்ள லாபுவா நிறுவன உறைகளில் வெடிமருந்தின் எடையையும் 140 கிரெயின் எடையுள்ள குண்டையும் மாற்றாமல், பிரைமரை மட்டும் மாற்றி, வகைக்கு ஐந்து வீதம் சுட்டுப் பார்த்தேன். வேகத்தின் திட்ட விலக்கம் (தோட்டாவுக்குத் தோட்டா வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு), நொடிக்கு அடிக் கணக்கில், வலுவான பொறி தரும் மேக்னம் பிரைமருக்கு 8 என்றும், போட்டிக்கென்றே விற்கப்படும் இரண்டு வகைகளுக்கு 11, 14 என்றும் வந்தது. விலை கூடியவை பின்தங்கியது எனக்கு வியப்பாக இருக்கிறது. மேக்னத்துக்கே மாறிவிடலாமா?

பதில் 1:
மாறுவதற்கு முன் அந்த எண்கள் எவ்வளவு கனமானவை என்று பாருங்கள். ஐந்து தோட்டாக்களில் கணித்த திட்ட விலக்கம் 10 என்றால், 95 விழுக்காடு நம்பகத்தன்மையில் அதன் உண்மை மதிப்பு ஏறத்தாழ 6 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். பத்துத் தோட்டாக்களில் அந்த இடைவெளி 7 முதல் 18 வரையாகவும், முப்பதில் 8 முதல் 13 வரையாகவும் குறுகுகிறது. ஆகவே உங்கள் 8, 11, 14 மூன்றும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பிரைமர்களுக்குக்கூட வந்திருக்கக்கூடியவை. மேலும், நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும் இத்தகைய குண்டுக்கு 10 அடி வேறுபாடு 600 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான ஏற்ற இறக்கத்தையே தருகிறது. காற்றைத் தவறாகக் கணிப்பதால் நேரும் பிழை அதை எளிதில் விழுங்கிவிடும்.

பதில் 2:
கணக்கை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பிரைமரின் பெயரைவிட அது குழியில் எப்படி அமர்கிறது என்பதைக் கவனிப்பதே பயன் தரும் என்பது என் கருத்து. பிரைமரின் உலோகக் கிண்ணத்துக்குள் இருக்கும் சிறு பட்டடையின் கால்கள் குழியின் அடித்தரையைத் தொட்டு, வெடிகலவையைச் சற்றே அழுத்திய நிலையில் இருந்தால்தான் துப்பாக்கி ஊசியின் அடி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இறங்கும். பிரைமர் உறையின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளே அமர்ந்திருப்பதே பலர் வைக்கும் அளவு. குழியில் கரி படிந்திருந்தால் கால்கள் கரியின் மேல்தான் நிற்கும். அடியின் ஆற்றலில் ஒரு பகுதி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகும். இன்னொன்று: எந்த வகைக்கு மாறினாலும் மருந்தைக் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துங்கள். பிரைமர்களை அவற்றின் தட்டிலேயே வைத்திருங்கள். கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் நடுக்கம்தான்.

பதில் 3:
மேக்னத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். இவ்வுறைகளில் பிரைமரின் பொறி மருந்துக்குச் செல்லும் நெருப்புத் துளை வழக்கமான 2 மில்லிமீட்டருக்குப் பதில் 1.5 மில்லிமீட்டர்தான். கடுங்குளிரில் சிறிய பிரைமரால் இவ்வளவு மருந்தைச் சீராகப் பற்றவைக்க இயலாமற்போவதுண்டு. அதனால்தான் பலர் சிசிஐ நிறுவனத்தின் 450 என்னும் மேக்னம் பிரைமரை நாடுகிறார்கள். அதே நிறுவனத்தின் சாதாரண வகையான 400இன் கிண்ணம் 0.020 அங்குலத் தடிப்பு, 450இன் கிண்ணம் 0.025; அழுத்தம் மிகுந்த தோட்டாவில் ஊசி துளைத்துவிடாமல் இருக்க அந்தத் தடிப்பும் உதவுகிறது. பழைய பிரைமரைத் தள்ளும் ஊசியும் மெலிந்ததாக இருக்கட்டும், தடித்தது துளையில் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மீதமிருந்த தோட்டாக்களை ஆழமானியால் அளந்தேன். முதலில் நிரப்பிய மேக்னம் வரிசையில் பிரைமர்கள் எல்லாம் 0.004ஐ ஒட்டியிருந்தன, மற்ற இரண்டிலும் 0.001இலிருந்து 0.005 வரை சிதறியிருந்தன. அன்று மேக்னத்துக்குப் புது உறைகளையும், மற்றவற்றுக்கு நான்கு முறை சுட்ட, குழியைச் சுரண்டாத உறைகளையும் எடுத்தது நான்தான். எல்லாவற்றையும் சுத்தம் செய்து, வகைக்கு முப்பது வீதம் மீண்டும் சுட்டபின் எண்களை இங்கே இடுகிறேன்.