மறு: மண்டல விதியில் ‘வேரியன்ஸ்’ – ‘தனித்தளர்வு’ என்று வைப்போம்

அண்ணாச்சிக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

தங்கச்சி அனுப்பிய மனுவின் மொழிபெயர்ப்பை முழுக்கப் படித்தேன். அமெரிக்கக் கிராமப்புறத்தில் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் நிலம் வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு ஓரம் ஈரநிலம். வீடு கட்ட அங்குள்ள உள்ளாட்சியிடம் ‘வேரியன்ஸ்’ கேட்டு, அதாவது எந்த இடத்தில் எதை, எப்படிக் கட்டலாம் என்ற மண்டல விதியை இந்த மனைக்கு மட்டும் தளர்த்தச் சொல்லி, மனுப் போட்டிருக்கிறார்கள். நாங்குநேரியில் இருக்கும் தகப்பனாருக்கு அந்தக் காகிதம் விளங்க வேண்டும். ‘வேரியன்ஸ்’க்கு நாம் வைக்கும் தமிழ்ச் சொல் அவருக்குத் தப்பான நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது, அதுதான் என் கவலை.

> ‘விலக்கு’ என்றே போடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணாச்சி, ஆனால் வேறொன்றாகப் புரியும். நம் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, ஒரு நிலத்துக்கோ கட்டடத்துக்கோ சட்டத்திலிருந்து விலக்களிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. விலக்கு என்றதும் நம்மவர் மனதில் வருவது மேலிடத்து ஆணை. அமெரிக்காவில் நடப்பது வேறு. ஊர் அளவிலோ கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அளவிலோ ஒரு வாரியம் உட்காரும். அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்பு போகும், எல்லார் முன்னிலையிலும் விசாரணை நடக்கும், எதிர்ப்பவர் எழுந்து பேசலாம். 1920களில் அமெரிக்க வணிகத் துறை மாநிலங்களுக்கு வகுத்துக் கொடுத்த மாதிரிச் சட்டத்திலேயே இதன் அடிப்படை இருக்கிறது: விதியை அப்படியே அமலாக்கினால் தேவையற்ற இடர் வரும் என்றால், விதியின் நோக்கம் கெடாதபடி வாரியம் விட்டுக்கொடுக்கலாம்.

இந்த ‘இடர்’ என்பதைத்தான் பெரியவருக்கு நன்றாக விளக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். மனையின் நீளம் 180 அடி. பின்பக்கம் ஈரநிலம், அதன் விளிம்பிலிருந்து 100 அடி விட வேண்டும். முன்பக்கம் சாலை, அங்கே 50 அடி. மிஞ்சுவது 30 அடிப் பட்டை, அதிலும் பாதி பாறை. வீடு நிற்க இடமில்லை. இது நிலத்தின் அமைப்பால் வந்த இடர், மனுவில் எடுபடும். மாறாக, நல்ல பாகத்தைப் பிரித்து விற்றுவிட்டு மிச்சத்தில் இடமில்லை என்று போய் நின்றால், அது தானே வரவழைத்துக்கொண்டது என்று வாரியம் தள்ளிவிடும். பெரிய வீடு கட்டினால் கூடுதல் விலைக்குப் போகும் என்ற வாதமும் அங்கே செல்லாது.

மற்ற பரிந்துரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘மாறுபாடு’ பொதுப்படையான சொல். எது எதிலிருந்து மாறுபடுகிறது என்று கேள்வி வரும். புள்ளியியலில் இதே ஆங்கிலச் சொல்லுக்குப் பள்ளிப் பாடநூலில் ‘விலக்க வர்க்கச் சராசரி’ இருக்கிறது, அதை இங்கே இழுக்க வேண்டாம். ‘சலுகை’ என்றால் தயவு என்றாகிவிடும். ‘நில உபயோக மாற்றம்’ நம் அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. அது மனையின் வகையையே மாற்றுவது, அதற்கு அங்கே வேறு நடைமுறை உண்டு.

‘தளர்வு’ எனக்குப் பிடித்திருக்கிறது. வயது வரம்பில் தளர்வு என்று வேலைவாய்ப்பு விளம்பரங்களில் படிக்கிறோம், 2020இல் ஊரடங்குத் தளர்வு வீடு வீடாகப் புழங்கியது. விதி நிற்கிறது, பிடி மட்டும் இளகுகிறது என்ற பொருள் அதில் தானாக வருகிறது. குறை ஒன்றுதான்: அவையெல்லாம் ஒரு கூட்டத்துக்கே கொடுப்பவை. இது ஒரு மனைக்கு மட்டும். அதனால் ‘தனித்தளர்வு’. இடைவெளி, உயரம் போன்றவற்றில் கேட்பது ‘அளவுத் தனித்தளர்வு’. அந்த மண்டலத்தில் அனுமதியில்லாத பயன்பாட்டுக்குக் கேட்பது ‘பயன்பாட்டுத் தனித்தளர்வு’. ஆளுக்குக் கொடுப்பது என்று யாராவது எண்ணக்கூடும் என்பதால் அகராதிக் குறிப்பில் ஒரு வரி சேர்ப்போம்: இது மனையோடு போவது, நிலம் கைமாறினாலும் பொதுவாகத் தொடரும்.

இனி, தங்கச்சி, உன் வரைவில் கட்டாயம் திருத்த வேண்டிய இடம். நாலு பத்தியில் ஈரநிலத்தை ‘நஞ்சை’ என்று எழுதியிருக்கிறாய். இது வேண்டவே வேண்டாம். நம் பட்டாவை எடுத்துப் பார், நன்செய், புன்செய் என்று தனித்தனிக் கட்டங்களில் பரப்பும் தீர்வையும் இருக்கும். அந்த நன்செய் வருவாய்த் துறைக் கணக்கு. பாளையங்கால்வாயிலோ கன்னடியன் கால்வாயிலோ தண்ணீர் பாய்ந்து நெல் விளையும் வயல். வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடுகளில் அதை ஆங்கிலத்தில் ஈர நிலம் என்ற பொருளில் எழுதியதால்தான் இந்தக் குழப்பம். ஒன்றிய அரசின் 2017 ஈரநில விதிகளோ வயல்களை ஈரநிலக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆக, நஞ்சை என்று எழுதினால் சட்டம் வெளியே நிறுத்திய ஒன்றை உள்ளே கூட்டிவந்தது போலாகும். அந்த விதிகள் பொருந்தும் ஈரநிலத்தில் 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது. விதிகள் அமலுக்கு வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டு உயர் வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து அந்த 50 மீட்டரை அளப்பார்கள்.

தகப்பனாருக்குச் சொல்லக் கைக்கெட்டிய தூரத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அது சேர்ந்ததாக 2022இல் அறிவிப்பு வந்தது. கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் இடம். குளத்து உள்வாய், மறுகால் ஓடை, கோரை மண்டிய சகதி என்று சொன்னால் ஈரநிலம் எது என்று அவருக்கு உடனே பிடிபடும்.

கடைசியாக ஒரு குறிப்பு, தங்கச்சி. தனித்தளர்வு கிடைத்தாலும் அதை மட்டும் வைத்து ஈரநிலத்தில் மண் கொட்டி நிரப்பிவிட முடியாது. அதற்கு அமெரிக்கத் தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவின்படி ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி தனியாகத் தேவைப்படலாம். வரைவில் இது அடிக்குறிப்பாகப் போயிருக்கிறது. மேலே கொண்டுவந்து, தனித்தளர்வை விளக்கும் பத்திக்கு அடுத்தே வைத்துவிடு. சாலையிலிருந்தும் ஈரநிலத்திலிருந்தும் விட வேண்டிய இடைவெளியைக் குறிக்கும் ‘செட்பேக்’குக்கு ‘விடுதூரம்’ சரிப்படுமா என்று அண்ணாச்சி சொல்லட்டும்.