மஹோம்ஸை அடக்கியது எட்டுப் பேர் கவரேஜ் மட்டும்தானா? அனாருமோவின் இரண்டாம் பாதி பற்றி

2022 ஜனவரி 30, ஏரோஹெட் ஸ்டேடியத்தில் நடந்த, அமெரிக்கக் கால்பந்தின் (என்எஃப்எல்) ஏஎஃப்சி பிரிவு இறுதி ஆட்டம். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் முதல் மூன்று முறை பந்தை எடுத்தபோதும் டச்டவுன்தான் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது). 21–3. அவர்களின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) பேட்ரிக் மஹோம்ஸ் முதல் பாதியில் வீசிய 21 பாஸில் 18 கைக்குப் போய்ச் சேர்ந்தன, 220 கஜம். அதே மஹோம்ஸ் இரண்டாம் பாதியும் ஓவர்டைமும் சேர்த்து 18-க்கு 8, வெறும் 55 கஜம், இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்). சின்சினாட்டி பெங்கால்ஸ் 27–24 என ஜெயித்தது.

பெங்கால்ஸின் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தடுப்பாட்டப் பயிற்சியாளர்) லூ அனாருமோ என்ன மாற்றினார் என்று கேட்டால் எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "மூணு பேரை மட்டும் பாய விட்டு எட்டுப் பேரைப் பின்னால இறக்கினார்." பாய்வது என்றால் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் போவது; பின்னால் இறங்குபவர்கள் பாஸைத் தடுப்பவர்கள், அதுதான் கவரேஜ். சரிதான், ஆனால் அது பாதிப் பதில். இதே மூன்று–எட்டைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அணிகள் ஏராளம். இங்கே ஏன் எடுபட்டது என்பதைத்தான் பேச வேண்டும்.

* * *

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தடுக்கும் அணியில் 11 பேர். பாஸ் பிடிக்க ஓடக்கூடியவர்கள் 5 பேர். மைதானத்தின் அகலம் 53⅓ கஜம். கவர் 3 என்றால் ஆழத்தில் மூன்று பேர். நாலு பேர் பாய்ந்தால் கீழ்மட்டத்தைக் காக்க நாலு பேர்தான் மிச்சம், ஆளுக்குப் பதிமூன்று கஜத்துக்கு மேல் வரும். மூன்று பேர் மட்டும் பாய்ந்தால் கீழே ஐந்து பேர், ஆளுக்கு 10.7 கஜம். கவர் 2 வைத்துக் கீழே ஆறு பேரை நிறுத்தினால் ஒன்பது கஜத்துக்கும் குறைவு.

இந்த இரண்டரை, நாலு கஜம்தான் சீஃப்ஸுக்காகப் பாஸ் பிடிக்கும் டிராவிஸ் கெல்சி பிழைக்கும் இடம். ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் ஜோன் கவரேஜைக் கண்டால் அவர் ஓட வேண்டிய ரூட்டை முடிக்காமல், கீழ்மட்டத்தைக் காக்கும் இரண்டு லைன்பேக்கர்களுக்கு நடுவே உள்ள சந்தில் நின்று திரும்பிவிடுவார். சந்து குறுகிவிட்டால், வரும் பந்துக்கு இரண்டு பக்கமிருந்தும் கை நீளும்.

மறுபக்கம், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து லைன்மேன்களை மூன்று பேர் மோதினால் அழுத்தம் சீக்கிரம் வராது. மஹோம்ஸுக்கு நாலு, ஐந்து வினாடி கிடைத்துவிடும். அவ்வளவு நேரம் எந்த ஜோனும் தாங்காது. அதனால் இந்தத் திட்டத்தோடு 'பிளாஸ்டர்' விதியும் சேர்ந்தே வர வேண்டும்: குவார்ட்டர்பேக் இடத்தை விட்டு நகர்ந்த நொடியில் ஜோன் முடிந்தது, பக்கத்தில் இருக்கும் ரிசீவரோடு (பாஸ் பிடிக்க ஓடுபவர்) ஒட்டிக்கொள். இரண்டு பேர் இருந்தால் ஆழத்தில் இருப்பவனுக்கே முதலிடம். எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாலும் போச்சு, அவர் முதுகுக்குப் பின்னால் 30 கஜம் போய்விடும்.

* * *

இதற்கு இன்னொருவர் சொன்னது: கவரேஜ் பக்கம் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் என்னைப் பொறுத்தவரை ஆட்டத்தைத் திருப்பியது பின்னால் நின்ற எட்டுப் பேர் அல்ல, முன்னால் போனவர்களின் பொறுமை.

சாதாரணமாக எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து பாய்பவர்) வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு குவார்ட்டர்பேக்கின் முதுகைத் தேடி ஓடுவார். மஹோம்ஸிடம் அது தற்கொலை. பின்னால் ஏழு, எட்டு கஜத்தில் அவர் நிற்கும்போது ரஷர் பத்து கஜம் ஆழம் போய்விட்டால், ஓரத்து லைன்மேனான டேக்கிளுக்கும் ரஷருக்கும் நடுவே கதவு திறந்த மாதிரி ஒரு வழி. அவர் ஒரு படி முன்னேறி அதன் வழியே வெளியே வந்துவிடுவார். அதற்குப் பிறகுதான் அவருடைய நிஜமான ஆட்டமே ஆரம்பிக்கும்.

எனவே ஓரத்தில் இருக்கும் இருவரும் குவார்ட்டர்பேக் நிற்கும் ஆழத்தைத் தாண்டக் கூடாது. வெளித்தோளைப் பிடி கொடுக்காமல் வைத்துக்கொண்டு, லைன்மேனை அப்படியே பின்னால் தள்ள வேண்டும். நடுவில் இருப்பவர் சென்டரை மஹோம்ஸின் காலடிக்கே கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் முன்னேறி வருவதற்கு இடம் இருக்காது.

நாலாவதாக ஒரு ஸ்பை, மஹோம்ஸை மட்டும் கண்காணிப்பவர். இரண்டாம் பாதியில் சாம் ஹப்பர்டை இந்த வேலைக்கு அடிக்கடி பயன்படுத்தினார்கள். முன்வரிசை ஓரத்தில் டிஃபென்சிவ் எண்டாகவே நிற்பார். பார்த்தால் நாலு பேர் பாய்வது போலத் தெரியும். ஸ்னாப் ஆனதும் (பந்து ஆட்டத்துக்கு வந்ததும்) நின்று, மஹோம்ஸ் போகும் பக்கம் நிழல் மாதிரி நகர்வார். இதில் அவசரப்பட்டால் தலைக்கு மேலே சின்ன பாஸ், தாமதித்தால் பத்து கஜ ஓட்டம். மஹோம்ஸின் கால் பாக்கெட்டை (லைன்மேன்கள் காக்கும் இடத்தை) விட்டு வெளியே வந்த பிறகுதான் பாய வேண்டும். நாலாம் குவார்ட்டரின் கடைசியில், கோல் லைனுக்கு நாலைந்து கஜத்தில் சீஃப்ஸ் நின்றபோது, அடுத்தடுத்த இரண்டு டவுனில் (பந்தை முன்னே நகர்த்தும் முயற்சி) ஹப்பர்ட் மஹோம்ஸைச் சாய்த்தார். இரண்டாவதில் பந்தே கையை விட்டுப் போனது. சீஃப்ஸ் லைன்மேன் ஜோ துனி விழுந்து பிடித்திருக்காவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ஜெயிக்க வேண்டிய இடத்திலிருந்து 44 கஜத்திலிருந்து உதைக்கும் ஃபீல்டு கோலுக்குத் தள்ளப்பட்டு, 24–24 என்று சமன் செய்வதோடு சீஃப்ஸ் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

* * *

மூன்றாமவர் சொன்னது: ஒரு சின்ன மறுப்புங்க. இதை இடைவேளையில கண்டுபிடிச்ச மாதிரி பேசுறது அனாருமோ உழைப்பைக் குறைச்சுச் சொல்றது. இடைவேளை கால் மணி நேரம்கூட முழுசா கிடையாது. அதுல புதுசா ஒரு ஸ்கீம் சொல்லிக் குடுக்கவே முடியாது.

இருபத்தெட்டு நாள் முன்னாடி, ஜனவரி 2-ஆம் தேதி இதே ரெண்டு டீமும் சின்சினாட்டில ஆடினதைப் பாருங்க. முதல் பாதில சீஃப்ஸ் 28 பாயின்ட். ரெண்டாம் பாதில 3. பெங்கால்ஸ் 34–31-னு ஜெயிச்சாங்க. ஏரோஹெட்லயும் ரெண்டாம் பாதில சீஃப்ஸ் எடுத்தது அதே 3 தான். அப்போ இந்த 'கால்' (கோஆர்டினேட்டர் சொல்ற உத்தி) எல்லாமே ஏற்கெனவே பையில இருந்தது. எப்போ வெளிய எடுக்கணும்கிறதுதான் கேள்வி.

நேரக் கணக்கும் சொல்லிடுறேன். பிளே கிளாக் (அடுத்த ஸ்னாப்புக்கு இருக்கிற நேரம்) 40 வினாடி. தடுக்கிற பக்கம் ஒருத்தரோட ஹெல்மெட்ல மட்டும் ரேடியோ வேலை செய்யும், அதுவும் கிளாக் 15-க்கு வந்ததும் கட் ஆயிடும். கோஆர்டினேட்டருக்குக் கிடைக்கிறது அதிகபட்சம் 25 வினாடி. அதுக்குள்ள எதிராளி யாரை உள்ள அனுப்புறான்னு பார்த்து, கால் சொல்லி, அது 11 பேருக்கும் போய்ச் சேரணும். பல வாரமா பழகின ஒரே ஒரு வார்த்தையா இருந்தாத்தான் நடக்கும்.

இன்னொண்ணு, முதல் பாதியோட கடைசி முயற்சியை மறந்துடாதீங்க. 21–10, ஒரு கஜ லைன், 5 வினாடி மிச்சம். சீஃப்ஸ் ஃபீல்டு கோல் வேணாம்னு பாஸ் போட்டாங்க. டைரீக் ஹில் பந்தைப் பிடிச்சார், எலி ஆப்பிள் அவரைக் கோட்டுக்கு முன்னாடியே மடக்கிப் போட்டார். பூஜ்யம். அங்க எட்டும் இல்ல மூணும் இல்ல, ஒரு கார்னர்பேக் செஞ்ச சுத்தமான டேக்கிள்.

* * *

சீஃப்ஸ் ஏன் பந்தைக் கையில் கொடுத்து ஓட விடவில்லை? முன்வரிசையில் ஆள் குறைந்தால் ஓடு என்பது பாலபாடம். இரண்டு சேஃப்டியும் (கடைசிக் காவலர்கள்) ஆழத்தில் நின்றால் பாக்ஸில், அதாவது முன்வரிசையை ஒட்டிய பகுதியில், ஆறு பேர்தான். அங்கேதான் டி.ஜே. ரீடர் போன்ற ஒரு நோஸ் டேக்கிளின் (முன்வரிசை நடுவில் நிற்பவர்) மதிப்பு தெரியும். இரண்டு லைன்மேன்களைத் தன்மேல் இழுத்துக்கொள்வார், லைன்பேக்கர்கள் லோகன் வில்சனும் ஜெர்மெய்ன் பிராட்டும் தடையில்லாமல் வருவார்கள். அதே நடுவரிசையில் ஆடும் லாரி ஓகன்ஜோபி முதல் பிளே ஆஃப் ஆட்டத்திலேயே காயப்பட்டு வெளியேறியிருந்தார். அந்த இடத்தைக் கூடுதலாகச் சுமந்த பி.ஜே. ஹில்தான் மூன்றாம் குவார்ட்டரில் தாவி, மஹோம்ஸின் பாஸை லைனுக்குப் பக்கத்திலேயே பிடித்தார். அதிலிருந்து வந்த டச்டவுனும் இரண்டு பாயின்ட் முயற்சியும்தான் 21–21.

அப்படி ஒரு ஆள் நடுவில் இல்லாத அணி இதை நகலெடுத்தால் ஓட்டத்துக்கு ஐந்து, ஆறு கஜம் தந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

* * *

ஓவர்டைம் இன்டர்செப்ஷனை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் டவுன், 10 கஜம் வேண்டும். டைரீக் ஹில்லுக்கு ஆழமான பாஸ். ஜெசி பேட்ஸ் தட்டிவிட, வான் பெல் பிடித்தார். ஒரு சேஃப்டி தட்ட, இன்னொரு சேஃப்டி அங்கேயே இருக்கிறார். இரண்டு பேரை ஆழத்தில் வைத்ததன் பலன் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. பிறகு பெங்கால்ஸ் கிக்கர் இவான் மெக்ஃபெர்சன் 31 கஜத்திலிருந்து அடித்து முடித்தார்.

இதே திட்டம் எங்கே கிழியும் என்பதற்கு அடுத்த ஆண்டே சாட்சி. 2023 ஜனவரி 29, அதே மைதானம், 20–20. மூன்றாம் டவுன், 4 கஜம் வேண்டும், 17 வினாடி மிச்சம். கணுக்கால் சுளுக்கோடு ஆடிய மஹோம்ஸ் வலப்பக்கம் வெளியேறி ஐந்து கஜம் ஓடினார். ஃபர்ஸ்ட் டவுன் (புதிதாக நாலு முயற்சி) அங்கேயே கிடைத்துவிட்டது. கோட்டுக்கு வெளியே பெங்கால்ஸின் ஜோசஃப் ஒசாய் அவரைத் தள்ளியதற்கான 15 கஜ தண்டனையைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். அது சீஃப்ஸ் கிக்கர் ஹாரிசன் பட்கரை 45 கஜத்துக்குக் கொண்டுவந்தது, 3 வினாடி இருக்கும்போது 23–20. ஆனால் முதல் சேதம் அந்த ஐந்து கஜம்.

இரண்டு ஆட்டத்தையும் திரும்பப் பார்ப்பவர்கள் ஸ்னாப் ஆகி இரண்டரை வினாடியில் படத்தை நிறுத்துங்கள். பந்தை விடுங்கள். ஓரத்து இருவரின் காலும் மஹோம்ஸின் காலும் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாண்டிப் போயிருந்தால், மீதி என்ன நடக்கும் என்பதை ஓடவிடாமலே சொல்லிவிடலாம்.