ஃபேஷியல் ரிட்ஜை எதுவரை இறக்கலாம்?

காட்பாடி பிஜி:
மாடிஃபைடு ராடிகல் மாஸ்டாய்டெக்டமிக்காக (காதுக்குப் பின்னாடி எலும்பைக் குடைஞ்சு நோயை எடுக்கிற அறுவை) டெம்போரல் போனில், அதாவது காது இருக்கிற மண்டை எலும்பில், ட்ரில் பழகுறேன். ஒவ்வொரு தடவையும் ஃபேஷியல் ரிட்ஜ், அதாவது முகநரம்பை மூடியிருக்கிற எலும்பு மேடு, உயரமாவே நின்னுடுது. "இன்னும் இறக்கு"ன்னு சொல்றாங்க, எவ்வளவுன்னு சொல்றதில்லை. லேட்டரல் கெனாலிலிருந்து (உள்காதின் ஒரு அரைவட்டக் குழாய்) இத்தனை மி.மீ.ன்னு கணக்கு இருக்கா? மேலிருந்து கீழ் வரை ஒரே ஆழம் போகலாமா சார்?

ஆற்காடு இஎன்டி:
தம்பி, ஒரே ஆழம்தான் ஆபத்து. இரண்டாவது வளைவு தாண்டி இறங்குற நரம்பு, கீழே வர வர வெளிப்பக்கம் ஒதுங்கும். பின்-கீழ் மூலையில் ஆனுலஸையும் (செவிப்பறையின் விளிம்பு வளையம்) தாண்டி வெளியே கிடக்கும். மேல்முனையில் பத்திரமான ஆழம், கீழ்முனையில் நரம்புக்குள்ளேயே இறங்கிடும். மி.மீ. கணக்கும் உதவாது, செங்குத்துப் பகுதியின் நீளமே ஆளுக்கு ஆள் மாறும், பொதுவா 10 முதல் 14 மி.மீ.

மேலே லேட்டரல் கெனால், இன்கஸின் (நடுக்காதின் நடு எலும்பு) ஷார்ட் பிராசஸ். கீழே டைகாஸ்ட்ரிக் ரிட்ஜ் (மாஸ்டாய்டு நுனிப் பக்கத்து எலும்பு மேடு). அதோட முன்முனை நரம்பு வெளியேறும் ஸ்டைலோமாஸ்டாய்டு துளையைக் காட்டும். இந்த ரெண்டு முனையையும் பிடிக்காம நடுவில் கை வைக்காதீங்க. வெளிப்புற எலும்பைக் கட்டிங் பர்ரில் (வெட்டும் ட்ரில் முனை) எடுங்க. அப்புறம் 3, 4 மி.மீ. டைமண்ட் பர், நரம்போட போக்கிலேயே, குறுக்கே ஒருபோதும் வேண்டாம். தண்ணி ஊத்துறது நிக்கக் கூடாது; பர் தொடலைன்னாலும் சூடே நரம்பைக் கெடுக்கும். எலும்பு மெலிய மெலிய இளஞ்சிவப்புக் கோடு தெரியும், புள்ளிப் புள்ளியா ரத்தம் கசியும். அங்கே நிறுத்துங்க. முட்டை ஓடு மாதிரி மெல்லிய எலும்பு மேலே இருக்கட்டும்.

காதுக்குழாய்த் தரையும் கேவிட்டியும் (குடைஞ்ச குழி) படி இல்லாம சேரணும். படி நின்னா அதுக்குப் பின்னாடி அழுக்கு தேங்கி சீழ் வடியும். ஜவ்வாது மலையிலிருந்து வர்றவர் சுத்தம் பண்ண ஆறு மாசத்துக்கு ஒருமுறை வருவார்னு நம்பி ரிட்ஜை உயரமா விடறது நியாயமில்லை.

பாலாற்றங்கரை:
சார் சொன்னது எலும்பு நல்லா இருக்கிற காதுக்கு. கொலஸ்டியடோமா (எலும்பை அரிக்கும் தோல் வளர்ச்சி) இன்கஸைத் தின்னிருந்தா காக்லியரிஃபார்ம் பிராசஸை (நடுக்காதின் சின்ன எலும்பு நீட்சி) தேடுங்க. அது லேசில் அரிக்காது, நரம்பு அதுக்கு மேலே, உள்பக்கமா ஓடும். நரம்பு எலும்பில்லாம திறந்து கிடக்கிறது பெரும்பாலும் ஓவல் விண்டோவுக்கு (ஸ்டேப்ஸ் எலும்பு உட்காரும் துளை) மேலேதான். அங்கே இருக்கிற கிரானுலேஷனை (சதை வளர்ச்சி) பிடிச்சு இழுக்கவே கூடாது. முதல்ல ப்ரோபால மெதுவா தடவிப் பாருங்க, கீழே எலும்பா இருக்கா, மெத்துனு இருக்கான்னு.

இன்னொண்ணு: இன்கஸ் ஸ்டேப்ஸோட ஒட்டியிருக்கும்போதே பிரிட்ஜை (இன்கஸுக்கு மேலே மிச்சமிருக்கிற காதுக்குழாய் எலும்புப் பாலம்) ட்ரில் பண்ணாதீங்க. பர் இன்கஸைத் தொட்டா அதிர்வு நேரா உள்காதுக்குப் போய் கேட்கும் திறனே போகும். மூட்டைப் பிரிச்சு இன்கஸை எடுத்துட்டு அப்புறம் உடைங்க.

மயக்கவியல்:
முகநரம்பு மானிட்டர் வைக்கிறதா இருந்தா முன்னாடியே எங்ககிட்ட சொல்லிடுங்க. தசையை அசைய விடாத வெக்யுரோனியம் ஓடிட்டிருக்கும்போது மானிட்டர் அமைதியா இருக்குன்னு மகிழ்ந்து பிரயோஜனமில்லை.

காட்பாடி பிஜி:
ரொம்ப நன்றி. மயக்கம் தெளிஞ்சதும் முகம் கோணியிருந்தா உடனே திறக்கணுமா?

ஆற்காடு இஎன்டி:
மாஸ்டாய்டு நுனிக்குக் கீழே மரப்பு மருந்து லிக்னோகெய்ன் ஆழமாப் போயிருந்தாலே முகம் கோணும். காதுக்குள்ளே அடைச்ச பேக்கைத் தளர்த்திட்டு ரெண்டு மூணு மணி நேரம் பொறுங்க. அதுக்கப்புறமும் முழுசா அசைவில்லை, நரம்பைக் கடைசி வரை கண்ணால் பார்த்த உறுதியும் இல்லைன்னா திறக்கணும். சீனியர் ஒருத்தர் கூட இருக்கட்டும். உறை மட்டும் கீறியிருந்தா விட்டுடலாம். வீங்கியிருந்தா ரெண்டு பக்கமும் சில மி.மீ. எலும்பை எடுத்து இடம் கொடுங்க. பாதிக்கு மேல் அறுந்திருந்தா கழுத்திலிருந்து எடுக்கிற கிரேட் ஆரிகுலர் நரம்பு கிராஃப்ட். அதிலும் ஹவுஸ்-பிராக்மன் முக அசைவு அளவில் (1 இயல்பு, 6 முழு வாதம்) 3-ஐ விட நல்ல நிலை எதிர்பார்க்க வேண்டாம். முதல் நாள் நல்லா கண்ணை மூடினவருக்கு நாலு நாள் கழிச்சுக் கோணினா கதை வேற: ஸ்டீராய்டு கொடுங்க, பெரும்பாலும் திரும்பிடும். அதனாலதான் ரிகவரியில் கண்ணை இறுக்கி மூடச் சொல்லிப் பார்த்து, நேரத்தோட கேஸ் ஷீட்டில் எழுதிடணும்.