பந்தைக் குறைப்பதா, மைதானத்தை நீட்டுவதா?

மலைக்காற்று (குன்னூர்):
போன ஞாயிறு ஊட்டியில் கோல்ஃப் ஆடப் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் சமவெளியிலிருந்து வந்த நாலு இளைஞர்கள். வளைவான ஒரு ஹோலில் (முதல் அடியிலிருந்து குழி வரைக்குமான பாதை), வளைவு வரைக்கும் ஒரு அடி, அங்கிருந்து குழி இருக்கும் கிரீனுக்கு இன்னொரு அடி என்று நாங்கள் முப்பது வருஷமாக ஆடி வருகிறோம். அதில் ஒரு தம்பி, ரொம்ப தூரம் அடிக்கிற மட்டையான டிரைவரை எடுத்து, கோர்ஸ் (gorse) என்கிற முட்புதருக்கு மேலேயே நேராகத் தூக்கி அடித்தார். போய்ப் பார்த்தால் பந்து கிரீனுக்கு இருபதடி முன்னால் கிடக்கிறது. நல்ல அடிதான், நானே கை தட்டினேன். ஆனால் வளைவின் எந்தப் பக்கம் பந்தை நிறுத்துவது என்று யோசிக்க வைக்கத்தானே அந்த ஹோலை அப்படி அமைத்தார்கள்? அந்த யோசனைக்கே அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது.

லிங்க்ஸ் என்பது ஸ்காட்லாந்தில் கடலோரத்து மணல்மேட்டுப் புல்வெளி. மரம் இருக்காது, காற்றும் மேடுபள்ளமும்தான் காவல். நம் வென்லாக் டவுன்ஸ் புல்மேட்டைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு அந்த ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும், கடல் இல்லாத இந்த மலையிலும் லிங்க்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அசல் லிங்க்ஸான செயின்ட் ஆண்ட்ரூஸின் கதி என்ன? 2010 பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்காக 17ஆவது ஹோலின் டீயை (முதல் அடி அடிக்கிற இடம்) நாற்பது கஜம் பின்னால் தள்ளி, மைதான எல்லைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். 455 கஜமாக இருந்தது 495 ஆனது. நமக்கு அப்படித் தள்ள இடம் ஏது? பின்னால் காடும் புல்வெளியும்தானே. மைதானத்தை நீட்ட முடியாது என்றால் பந்து போகிற தூரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

நீளடி:
அண்ணே, நல்ல அடி என்று நீங்களே சொல்லிவிட்டு அப்புறம் அதைத் தடுக்கச் சொல்கிறீர்களே. அந்த அடி கொஞ்சம் கோணியிருந்தால் பந்து முட்புதருக்குள் போயிருக்கும், கதை முடிந்தது. துணிந்தவருக்குப் பலன் கிடைக்கட்டும்.

நீளமாக அடிப்பவர்தான் லிங்க்ஸில் ஜெயிக்கிறார் என்பதும் உண்மை இல்லை. 2006 ஓபன் நடந்த இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் தரை காய்ந்து கல் மாதிரி இருந்தது. டைகர் வுட்ஸ் அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் டிரைவரைத் தொட்டார், மீதியெல்லாம் தூரம் குறைந்த மட்டைகளான அயர்னும் 3-வுட்டும்தான், 18 அண்டரில், அதாவது நிர்ணயித்த அடிகளைவிடப் பதினெட்டு குறைவாக அடித்து ஜெயித்தார். அதே மைதானத்தில் 2023இல் ஜெயித்த பிரையன் ஹார்மன் நீளமாக அடிப்பவரே இல்லை. 2022இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் என்ன நடந்தது? உலகத்திலேயே நீளமாக அடிப்பவர்களில் ஒருவரான மெக்கில்ராய் கடைசி நாள் பதினெட்டு கிரீனையும் ஒழுங்காகப் பிடித்தார், ஆனால் கிரீனில் உருட்டுகிற அடியான பட் மட்டும் 36 போட்டுத் தோற்றார். நீங்கள் சொல்கிற அதே 17ஆவது ஹோலில் கேமரன் ஸ்மித் பங்கரை (மணல்குழி) சுற்றிப் பந்தைப் பட்டர் மட்டையால் உருட்டி பார் எடுத்தார், அதாவது நிர்ணயித்த அடிகளிலேயே முடித்தார். ஜெயித்தது அந்தக் கை. தரையைக் காய விடுங்கள், கிரீனை வேகமாக வையுங்கள், போதும்.

மலைக்காற்று (குன்னூர்):
தம்பி, அதே 2022இல் ஸ்மித்தின் ஸ்கோர் 20 அண்டர், அதையும் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு ரவுண்டு முடிய ஆறு மணி நேரம் ஆனது. ஏன்? நாலு அடியில் முடிக்க வேண்டிய பார்-4 ஹோல்களில் ஒரே அடியில் கிரீனை எட்டுகிறார்கள் என்பதால், முன்னால் ஆடுபவர்கள் கிரீனை விட்டு இறங்கும்வரை டீயில் காத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

என் வருத்தம் தூரம் மட்டும் இல்லை. ரப்பர் நூல் சுற்றிய பழைய பந்தை முழு பலத்தோடு அடித்தால் சுழற்சி ஏறி வளைந்து எங்கேயோ போய்விடும். அந்தப் பயத்தில்தான் மனுஷன் அளந்து அடித்தான். 2000இல் ப்ரோ வி1 என்ற புதுப் பந்து வந்த பிறகு டிரைவரில் சுழற்சி குறைந்துவிட்டது. 460 சிசி அளவுள்ள பெரிய டிரைவர் தலையில் பந்து நடுவில் படாவிட்டாலும் பெரிய தண்டனை இல்லை. ஓங்கி அடிக்கிறவனுக்கு இருந்த ஆபத்தையே எடுத்துவிட்டார்கள்.

கொடைவாசி:
இடையில் ஒரு விஷயம். கொடையும் ஊட்டியும் சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில். காற்று அடர்த்தி குறைவு, சமவெளியில் 250 கஜம் போகிற அடி இங்கே 270ஐத் தொடும். வளைவதும் குறையும், அதனால் கோணல் அடிகூடக் கொஞ்சம் நேராகத்தான் போகும். நீளடி சொல்கிற முட்புதர் காவல் நம் மலையில் பாதிதான் வேலை செய்யும். தரையைக் காய விடுவதும் இங்கே நடக்காது, இரண்டு மழையும் பெய்கிற ஊர், விழுந்த இடத்திலேயே பந்து புதைந்து நிற்கிறது. அப்படிப்பட்ட தரையில் உருட்டி ஆடுகிறவன் என்ன செய்வான், பறக்க அடிக்கிறவனுக்குத்தான் லாபம்.

நீளடி:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2023 டிசம்பரில் கோல்ஃப் விதிகளை வகுக்கிற ஆர் அண்ட் ஏவும் யுஎஸ்ஜிஏவும் அறிவித்த விதி என்ன? பந்தைச் சோதிக்கும்போது மட்டையின் வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125க்கு ஏற்றுகிறார்கள், பந்து போகலாம் என்ற 317 கஜ வரம்பு அப்படியே இருக்கிறது. ரொம்ப நீளமாக அடிப்பவர்களுக்கே 13 முதல் 15 கஜம்தான் குறையும் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தப் பதினைந்து கஜத்தில் உங்கள் வளைவு திரும்பி வந்துவிடுமா? தினம் இருநூறு பந்து அடித்துப் பழகிய பையனின் முதுகு வலிக்கு என்ன மதிப்பு?

ஃபிங்கர்போஸ்ட்_கேடி:
நான் இருபத்திரண்டு வருஷம் பை தூக்கியவன், ஆடுகிறவன் இல்லை. நீங்கள் யாரும் எங்களைப் பற்றிப் பேசவில்லை. பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க எங்களை முன்னால் அனுப்புவார்கள். முன்பெல்லாம் மேட்டின் இந்தப் பக்கம் நின்றாலே போதும். இப்போது எவ்வளவு தூரம் போய் நிற்பது என்றே தெரியவில்லை. மூடுபனியில் பந்தைப் பார்க்க முடியாது, புல்லில் விழுகிற சத்தம்தான் கேட்கும். ஒரு மைதானத்தில் என்னோடு நின்ற பையனுக்குத் தோளில் அடி, மூன்று வாரம் கையைத் தூக்க முடியவில்லை. அடித்தவர் நல்ல மனிதர், ஓடி வந்தார், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது அவருக்குத் தெரியவே இல்லை. முட்புதருக்குள் கையை விட்டுப் பந்து தேடுகிறவர்களின் முழங்கையைப் பாருங்கள், கோடு கோடாக இருக்கும். பந்தைக் குறைப்பது பெரியவர்கள் பாடு. மேடு மறைக்கிற ஒவ்வொரு ஹோலிலும் ஒரு மணி கட்டச் சொல்லுங்கள். நாங்கள் ஒதுங்கி நின்று மணியை அடித்த பிறகு நீங்கள் டிரைவரை எடுங்கள்.

நீளடி:
அண்ணே, மன்னியுங்கள், இது என் மண்டையில் ஏறவே இல்லை. அடிக்கும்போது நான் கொடியைத்தான் பார்த்தேன். மணிக்கு என் பங்குப் பணத்தைத் தருகிறேன், அது வரும்வரை மேடு மறைக்கிற ஹோலில் டிரைவரை எடுக்கமாட்டேன். பந்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

மலைக்காற்று (குன்னூர்):
மணிக்கு நானும் தருகிறேன். பந்து விஷயத்தில் நானும் மாறவில்லை தம்பி. கேடி அண்ணே, முதல் மணி எந்த ஹோலுக்கு வேண்டும், சொல்லுங்கள்.