புதுப்பிப்பு: டிஎஸ்ஆர், விஎஸ்ஆர் ஒப்பீடு – 1080பி மானிட்டரில் எது தெளிவு?

1080பி (1920×1080) மானிட்டரில் கேம் ஆடும்போது கம்பி வேலியும் மரக்கிளையும் கேமரா நகரும்போது மினுங்குகின்றன, என்விடியாவின் டிஎஸ்ஆர் உதவுமா, ஏஎம்டியின் விஎஸ்ஆர் உதவுமா என்று கேட்டிருந்தேன். (இரண்டுமே கேமை மானிட்டரைவிடப் பெரிய ரெசல்யூஷனில் வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும் வசதிகள்.) பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் ஆர்டிஎக்ஸ் (என்விடியா) கார்டு, தம்பியின் ரேடியான் (ஏஎம்டி) கார்டு இரண்டையும் ஒரே மானிட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டேன்.

கைகொடுத்தது, "டிஎல்டிஎஸ்ஆர் 2.25 மடங்கு வையுங்கள்" என்ற யோசனைதான். டிஎல்டிஎஸ்ஆர் என்பது ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் ஏஐ கொண்டு சுருக்கும் டிஎஸ்ஆர்; மடங்கு என்பது மொத்தப் பிக்சல் எண்ணிக்கையைக் குறிக்கிறது. கேம் 2880×1620-இல் வரையப்பட்டு 1080பி-க்குச் சுருங்குகிறது. வேலியின் மினுக்கம் ஏறக்குறைய போய்விட்டது. சாதாரண டிஎஸ்ஆரில் 4 மடங்கு, ஸ்மூத்னெஸ் (படத்தை மென்மையாக்கும் அளவு) 0% வைத்தாலும் படம் அருமை. நான்கு பிக்சல் சரியாக ஒன்றாகிறது அல்லவா! ஆனால் ஃபிரேம் ரேட் படுத்துவிடுகிறது.

விஎஸ்ஆரை ஆன் செய்தால் போதும், வேறு அமைப்பே கிடையாது. 3840×2160-இல் (4கே) நன்றாக இருக்கிறது. 2560×1440-இல் சின்ன எழுத்துகள் கொஞ்சம் மங்கல்.

எதிர்பாராதவை இரண்டு. டிஎல்டிஎஸ்ஆரில் ஸ்மூத்னெஸ் குறைவாக இருந்தால் ஷார்ப்னிங் (விளிம்புகளைக் கூர்மையாக்குவது) கூடிவிடுகிறது. 33%-இல் எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தது, 80% வைத்ததும் சரியானது. அப்புறம், பார்டர்லெஸ் முறையில் (திரை முழுதும் நிறைந்த, சட்டமில்லாத விண்டோவில்) ஓடும் கேமில் புதிய ரெசல்யூஷன் பட்டியலிலேயே வரவில்லை. முதலில் விண்டோஸ் டெஸ்க்டாப் ரெசல்யூஷனை மாற்றிவிட்டு, பிறகு கேமைத் திறந்தால் வருகிறது. இது இரண்டு கார்டுக்கும் பொருந்தும்.

ஆர்டிஎக்ஸ் இருந்தால் டிஎல்டிஎஸ்ஆர்தான் என் தேர்வு. ரேடியானில் தாங்குமென்றால் நேராக 4கே விஎஸ்ஆர்.