பட்டாளம் ஊரை ஒன்று சேர்க்குமா?

பாலாற்றங்கரையான்:
லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டை நின்று படித்ததுண்டா? முதல் உலகப்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று இருக்கும். என்ன சாதி, என்ன மதம் என்று ஒரு எழுத்து இல்லை. கட்சிகளால் ஆகாததைப் பட்டாளம் செய்கிறது என்பதுதான் என் வாதம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருஷம் இருந்தேன். தமிழன், தெலுங்கன், மலையாளி, கன்னடன் எல்லாருக்கும் லங்கரில், அதாவது பட்டாளச் சமையற்கூடத்தில், ஒரே பருப்புதான். பக்கத்துக் கட்டில்காரனை யாரும் என்ன ஆளு என்று கேட்டதில்லை.

குடியாத்தம் வாத்தியார்:
ஐயா, லங்கர் சரி. ஊருக்கு வந்த பிறகு? எங்கள் பக்கத்தில் ஒரு ஹவில்தார் ரிட்டயராகி, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியில் வெள்ளை பெயிண்டில் பேரும் நம்பரும். மனை வாங்கினார். அந்த மனைக்குப் போக இரண்டு வருஷம் வழி விடவில்லை. அவர் சாதி அப்படி. மெடல் எல்லாம் பெட்டியிலேயே கிடந்தது. அப்புறம், ராஜ்புத், ஜாட், டோக்ரா என்று சாதி, இனப் பெயரிலேயே ரெஜிமெண்ட் பெயர்கள் இன்னும் இருக்கின்றனவே?

பாலாற்றங்கரையான்:
அது வெள்ளைக்காரன் வைத்த பெயர் சார். எல்லா வகுப்பாரும் கலந்த கார்ட்ஸ் படைப்பிரிவை 1949-லேயே தொடங்கிவிட்டார்கள்.

கோட்டை அகழி:
தொடங்கி எத்தனை வருஷம் ஆச்சு, பழைய பெயர்கள் போகவில்லையே! நம் வேலூர்க் கோட்டையையே பாருங்கள். 1806 ஜூலை 10, சிப்பாய்ப் புரட்சி. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, புதுத் தலைப்பாகை போடு என்று அதற்கு முன்பே வெள்ளைக்கார அதிகாரிகள் உத்தரவு. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்து திப்புவின் கொடியை ஏற்றினார்கள். அவர்களைச் சேர்த்தது பட்டாளம் இல்லை, அதன் மேல் வந்த கோபம்.

பாலாற்றங்கரையான்:
தம்பி, ஒரே இடத்தில் தங்கி, ஒன்றாகக் காவல் நின்றவர்கள் என்பதால்தானே ராத்திரியோடு ராத்திரியாகக் கூடிப் பேச முடிந்தது?

கோட்டை அகழி:
நல்ல பாயிண்ட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாகிஸ்தானில் 1958-ல் ராணுவமே ஆட்சியைப் பிடித்தது. அந்த ராணுவத்தில் வங்காளிகள் சொற்பம். 1971-ல் நாடே இரண்டாச்சு. இலங்கைப் படையில் அநேகமாக எல்லாரும் சிங்களவர். தமிழனுக்கு அது எப்படித் தன் படையாகும்? ஒன்றுபடாத சமூகம் தன் சண்டையையும் சீருடைக்குள் கூட்டிக்கொண்டு போகும்.

ஓட்டக்காரன்:
அண்ணா, நான் கம்மவான்பேட்டைப் பக்கம். ஊரையே மிலிட்டரி பேட்டை என்பார்கள். காலையில் இருட்டோடு 1,600 மீட்டர் ஓடுகிறோம். நாட்டைக் கட்ட இல்லை, சம்பளத்துக்கு. இப்போது அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நாலு வருஷம்தான் வேலை, நூற்றுக்கு 25 பேரைத்தான் நிறுத்திக்கொள்வார்கள். நாலு வருஷத்தில் என்ன ஒன்றாவது?

பாலாற்றங்கரையான்:
அதில் எனக்கும் வருத்தம்தான். வாத்தியார் சார், அந்த ஹவில்தாருக்குக் கடைசியில் வழி கிடைத்ததா?

குடியாத்தம் வாத்தியார்:
கிடைத்தது. ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், போட்ட உத்தரவு. பட்டாளத்துக்கு அதில் பங்கு இல்லை.

பாலாற்றங்கரையான்:
மனு எழுதியது யார்?

குடியாத்தம் வாத்தியார்:
...அவரேதான். பட்டாளத்தில் கம்பெனி ஆபீஸில் கிளார்க்காக இருந்தவராம்.