தோட்டத்துப் பழைய கச்சேரி மண்டபம்: கட்டிய வருடம் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கச்சேரி மண்டபம் எந்த வருடம் கட்டியது என்று தெரியாமல் நிற்கிறேன். இடம், இலங்கை மலையகத்தில் அட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அடுத்த மாதம் கூரையைக் கழற்றப் போகிறார்கள். அதற்குள் அதன் கதையை எழுதிவைக்க வேண்டும்.

கருங்கல் சுவர், தகரக் கூரை, இரும்புத் தூண்கள், பலகை மேடை. முதலில் தொரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள்) கிளப். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்த பிறகுதான் எங்கள் ஆட்கள் உள்ளே போனார்கள். காமன் கூத்து (மன்மதன், ரதி கதையை ஆடும் கூத்து) எப்போதும் வெளியே பொட்டலில்தான். பாட்டுக் கச்சேரியும் நாடகமும் உள்ளே. தாத்தா அங்கே ஆர்மோனியம் வாசித்தவர். அவர் உட்கார்ந்த இடத்தில் பலகை இன்னும் வழவழவென்று குழிந்திருக்கிறது.

தோட்ட ஆபீசில் கேட்டேன், 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோதே பழைய பேரேடுகள் போய்விட்டனவாம். வயதானவர்கள் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். தூணடியில் பெயின்ட்டைச் சுரண்டி, தாள் வைத்துக் கரி தேய்த்துப் பார்த்தேன். ‘கிளாஸ்கோ’ மட்டும் விழுந்தது, அதற்குக் கீழே துரு. ரயில் அட்டனைத் தாண்டி நானுஓயா வரை வந்தது 1885இல். இவ்வளவு கனமான தூண்கள் ரயில் வந்த பிறகுதான் மலையேறியிருக்கும் என்பது என் கணிப்பு.

கொழும்பு தேசிய சுவடிக்கூடத்துக்குப் போகப்போகிறேன். வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டக் கட்டடத்தின் வருடம் தெரிய, அங்கே எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும்?